பனிமலை இல்லாத மலை ஓவியங்கள்

காங்க்ரா ஓவியங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஹிமாச்சலப் பள்ளத்தாக்கின் அழகிலிருந்தே தொடங்குகிறார்கள். தௌலாதார் மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் நெல்வயல்கள், பியாஸ் ஆறு, ஆடு மேய்க்கும் கத்தி இன மக்கள், மழைக்காலத்து மேகம். இத்தனைக்கும் நடுவே காதலில் தோய்ந்த ஓர் அரசன். மலையும் காதலும் சேர்ந்து ஓவியனின் கையைப் பிடித்து எழுதவைத்தன என்பது கதை. அருங்காட்சியகப் பலகையில் தொடங்கி நாட்காட்டி, சுற்றுலாக் கையேடு வரை இந்தக் கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழில் எழுதுகிறவருக்கு இன்னும் ஒரு சபலம் உண்டு: மலையும் கூடலும் சேர்ந்திருப்பதைப் பார்த்தவுடன், இது குறிஞ்சித் திணையின் வண்ண வடிவம் என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றும்.

இந்தக் கதைக்கு மரியாதைக்குரிய மூலவர் ஒருவர் இருக்கிறார். எம். எஸ். ரந்தாவா தாவரவியல் படித்தவர், ஐ.சி.எஸ். அதிகாரி. பழைய மலை அரச குடும்பங்களின் பெட்டிகளில் கிடந்த ஓவியங்களைத் தேடிப் பார்த்தவர். காங்க்ரா பள்ளத்தாக்கு ஓவியம் பற்றிய அவருடைய நூல் 1954-இல் வந்தது. பின்னர் காதல் ஓவியங்களுக்கு ஒரு நூல், கீத கோவிந்த ஓவியங்களுக்கு ஒரு நூல் என்று வரிசையாக எழுதினார். அவர் இல்லாவிட்டால் இந்த ஓவியங்களில் பலவற்றை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். ஆனால் ரந்தாவா அந்தப் பள்ளத்தாக்கைக் காதலித்தார். காதலித்த கண்ணுக்கு ஓவியமும் நிலமும் ஒன்றாகத் தெரிந்தன. அவர் நெகிழ்ந்து சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொண்டார்கள்.

எளிய கேள்வி ஒன்றில் இந்தக் கதை தடுமாறுகிறது. தௌலாதார் எங்கே? பள்ளத்தாக்கில் எங்கே நின்றாலும் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் பனிச்சுவர் அது. பஹாடி ஓவியங்களில், அதாவது காங்க்ரா உள்ளிட்ட இந்த மலைநாட்டு ஓவியங்களில், அதைத் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும். ஓவியத்தில் இருப்பவை உருண்டு செல்லும் தாழ்ந்த பசுங்குன்றுகள், ஆற்றங்கரை, மாமரம், வாழை, பூங்கொடி சுற்றிய மரம். அவை சொல்லும் கண்ணன் கதை நிகழும் இடமோ யமுனைக் கரையின் விரஜ பூமி, சமவெளி. மலையைப் பார்த்துப் பார்த்து மனம் நிறைந்து வரைந்த கைகள் என்றால், அந்த மலையின் ஆகப்பெரிய உண்மையை எப்படித் தவிர்த்திருக்க முடியும்? நிலம் இந்த ஓவியங்களுக்குள் வந்திருக்கிறது, ஐயமில்லை. ஆனால் ஒரு கண்ணின் தேர்வில் வடிகட்டப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கண் யாருடையது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடையும் இருக்கிறது, பெயரோடும் ஊரோடும்.

முற்காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அது எல்லோரும் அறிந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசோலி என்ற மலைச் சிற்றரசு. பானுதத்தரின் ரசமஞ்சரியை அரசன் கிர்பால் பாலுக்காக தேவிதாசர் 1694–95-இல் வரைந்த தொகுதி அதன் சிகரங்களில் ஒன்று. எரியும் மஞ்சள், இரத்தச் சிவப்பு, முகத்தை விழுங்கும் விழிகள், மரகதத்துக்குப் பதிலாக ஒட்டப்பட்ட பொன்வண்டுச் சிறகின் துணுக்குகள். அங்கே மரம் மரமாக இருப்பதில்லை; நாயகியின் வெறிக்குச் சாட்சி சொல்ல வந்த ஓர் உருவமாக நிற்கிறது. பசோலியை முரட்டுத்தனம் என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று காங்க்ராவைவிட அதைக் கொண்டாடுகிறவர்களே அதிகம். இரண்டு மதிப்பீடும் ஒரே தவறைச் செய்கின்றன. ஊர்ப்பெயரைப் பாணியின் பெயராக்கி, இடையில் வேலை செய்த மனிதர்களை மறந்துவிடுகின்றன.

அந்த மறதியைத் தொடங்கிவைத்தவர் நம்மவர். கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசாமி, 1916-இல் ராஜபுத்திர ஓவியம் பற்றிய தம் இரண்டு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். முகலாய ஓவியத்திலிருந்து இதைப் பிரித்து, ராஜஸ்தானி என்றும் பஹாடி என்றும் இரு கிளைகளாகப் பகுத்தவர் அவர்தான். அந்த நூலுக்குமுன் இந்த ஓவியங்கள் முகலாயக் கலையின் மங்கிய எதிரொலியாகவே கருதப்பட்டன. அந்தக் கடன் தீராதது. ஆனால் முகலாயம் அரசவையினது, தனிமனிதர்களைப் பற்றியது; ராஜபுத்திர ஓவியமோ மக்களுடையது, பக்தியுடையது, பெயரற்றது என்று அவர் போட்ட கோடு மிகையானது. இலங்கையின் கைவினைஞர்களைப் பற்றி 1908-இல் எழுதிய காலத்திலிருந்தே பெயரற்ற கைவினைஞன் அவருடைய இலட்சிய மனிதன். நவீனக் கலைஞனின் அகங்காரத்துக்கு எதிராக அவனை நிறுத்த அவர் விரும்பினார். நல்ல நோக்கம்தான். விளைவு என்னவென்றால், ஓவியனின் பெயரைத் தேடவேண்டும் என்ற எண்ணமே அரை நூற்றாண்டுக்குப் பலருக்கும் எழவில்லை.

அவர் சேகரித்து இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'இலங்கை முற்றுகை' ஓவியங்களே இதற்குச் சான்று. வழக்கத்தைவிடப் பெரிய தாள்கள். பொன்மதில் சூழ்ந்த இலங்கை, வெளியே வானரப்படை. பல தாள்கள் வண்ணம் பெறாமல் கோட்டோடு நின்றுபோனவை. குமாரசாமி இவற்றை ஜம்முவைச் சேர்ந்தவை என்று கொண்டார். இன்று அவை 1725-ஐ ஒட்டி குலேர் என்ற மலைச் சிற்றரசில் வரையப்பட்டவை என்றும், வரைந்தவர் மானக்கு என்ற ஓவியர் என்றும் அறிகிறோம். கடலையும் கண்டிராத, இலங்கையையும் கண்டிராத ஒரு மலைநாட்டுத் தச்சர் குலத்தவர் கற்பனையில் கட்டிய இலங்கை, இலங்கையில் பிறந்த ஒருவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வரைந்தவர் பெயர் மட்டும் கூட வரவில்லை.

அந்தப் பெயர்களைக் கொண்டுவந்தவர் பி. என். கோஸ்வாமி. ஐ.ஏ.எஸ். பணியை விட்டு ஆய்வுக்கு வந்தவர், 2023-இல் மறைந்தார். 1968-இல் 'மார்க்' இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையைத் தலைகீழாக்கியது. பாணிக்கு அடிப்படை அரசவை அல்ல, குடும்பம் என்பது அதன் வாதம். அதற்கு அவர் போன இடம் வியப்பானது. வட இந்தியாவில் அஸ்தி கரைக்கவும் நீத்தார் கடன் செய்யவும் ஹரித்வாருக்குப் போகிறவர்கள் தங்கள் குடும்பப் புரோகிதரான பண்டாவிடம் ஊர், சாதி, தந்தை, பாட்டன், பிள்ளைகள் பெயரைப் பதிந்துவிட்டு வருவார்கள். பஹி எனப்படும் அந்த நீண்ட பேரேடுகள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படுகின்றன. அரசர்கள் மட்டுமா அஸ்தி கரைக்கிறார்கள்? ஓவியர்களும்தானே. கோஸ்வாமி அந்தப் பேரேடுகளைப் புரட்டினார். ஓவியங்களில் இருந்த டாக்ரி எழுத்துக் குறிப்புகளையும் ஆங்கிலேயர் கால நிலப்பதிவுகளையும் அவற்றோடு வைத்துப் பார்த்தார். பண்டித் சேவு என்ற குலேர் ஓவியர், அவர் மகன்கள் மானக்கு, நைன்சுக், பேரன்கள் ஃபட்டு, குஷாலா, காமா, கௌடு, நிக்கா, ராஞ்ஜா என்று ஒரு குடும்பம் எழுந்து வந்தது. தச்சர் குலம். அரண்மனை ஓவியர்கள் என்றால் நாம் கற்பனை செய்யும் மிடுக்கு எதுவும் இல்லாதவர்கள்.

ஒரே வீட்டில் வளர்ந்த இரு சகோதரர்கள் எத்தனை தூரம் விலகிச் செல்லமுடியும் என்பதற்கு மானக்கும் நைன்சுக்கும் சான்று. மானக்கு புராணத்தின் ஓவியர். 1730-ஆம் ஆண்டுக் குறிப்புள்ள அவருடைய கீத கோவிந்தத்தில் பின்னணி ஒற்றை வண்ணப் பரப்பு. மரங்கள் எழுத்துகளைப்போல நிற்கின்றன. பிரளய நீரில் மிதக்கும் பொன் முட்டையை, ஹிரண்யகர்ப்பத்தை, 1740 வாக்கில் அவர் வரைந்த தாள் வாரணாசியின் பாரத் கலா பவனில் இருக்கிறது. சுழல் சுழலாக விரியும் நீர்க்கோடுகள், நடுவே அந்த முட்டை, வேறெதுவும் இல்லை. இந்திய ஓவியத்தில் அதற்கு இணையாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

நைன்சுக் இளையவர், 1710-ஐ ஒட்டிப் பிறந்தவர். தந்தையிடமும் அண்ணனிடமும் கோட்டைக் கற்றார். முகலாய ஓவியம் எப்படி உருவத்துக்கு எடையும் காற்றும் கொடுக்கிறது என்பதையும் எங்கிருந்தோ கற்றிருந்தார். 1740 வாக்கில் குலேரை விட்டு ஜஸ்ரோட்டா என்ற சிற்றரசுக்குப் போனார். அங்கே அவருக்குப் புரவலர் மியான் ஜோராவர் சிங், பிறகு அவர் மகன் பல்வந்த் சிங். ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பல்வந்த் சிங் 1763-இல் இறக்கும் வரை, நைன்சுக் அந்த ஒரே மனிதரைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

வரலாற்றில் பல்வந்த் சிங்குக்குச் சொல்லும்படி இடமில்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்பதிலேயே அறிஞர்களிடையே நெடுநாள் சர்ச்சை நடந்தது. ஜம்முவைச் சேர்ந்தவர் என்றார் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், ஜஸ்ரோட்டா என்று நிறுவினார் கோஸ்வாமி. பெரிய போர் இல்லை, பெரிய அரண்மனை இல்லை. ஆனால் அவருடைய அன்றாடத்தைப்போல வேறெந்த இந்திய அரசனின் அன்றாடமும் நமக்குத் தெரியாது. நாவிதர் தாடியைத் திருத்துகிறார், அவர் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். குளிருக்கு ரஜாய் எனும் பஞ்சுப் போர்வையைப் போர்த்தி உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டிருக்கிறார். முகாமில், கூடாரத்துக்குள், கடிதம் எழுதுகிறார். நடனம் பார்க்கிறார். ஒரு படத்தைக் கையில் ஏந்திப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் பணிந்து நிற்பவர் ஓவியரே என்று கருதப்படுகிறது. இந்தக் கடைசி ஓவியம் சூரிச்சின் ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ரஜாய்க்குள் ஒடுங்கிய அரசனை வரைய எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அரசன் தன்னை அப்படிக் காட்டச் சம்மதிக்கவேண்டும். ஓவியன் அதில் கேலியோ துதியோ கலக்காமல் இருக்கவேண்டும். நைன்சுக்கின் பின்னணிகள் பெரும்பாலும் வெறுமையானவை. தாளின் நிறமோ லேசான ஒரு பசுமையோ மட்டும் இருக்கும். பரந்த இயற்கையும் பூத்துக் குலுங்கும் மரமும் இல்லாமலே மலைநாட்டின் குளிரை நாம் உணர்கிறோம். தோள்கள் குறுகியிருக்கும் விதத்தில், கை துணிக்குள் ஒளிந்திருக்கும் விதத்தில் குளிர் இருக்கிறது. மலை வாழ்க்கையை வரைவது என்றால் என் கணக்கில் இதுதான்.

எளிய மனிதர்களிடமும் அதே கண்தான். ஊதுகொம்புக்காரர்கள் எழுவர் வரிசையாக நின்று நீண்ட கொம்புகளை உயர்த்தி ஊதும் ஓவியம் ஒன்று இருக்கிறது, 1740-க்குச் சற்று முந்தியது. எழுவரின் கன்னங்களும் புடைத்திருக்கின்றன, ஒன்று மற்றொன்றைப்போல இல்லாமல். ஒருவர் மூச்சின் உச்சத்தில் இருக்கிறார், இன்னொருவர் தொடங்குகிறார். கொம்பு ஊதும் சாதியினரை ஒரு வகையாக வரைந்து முடித்திருக்கலாம். நைன்சுக் ஏழு மனிதர்களை வரைந்தார்.

பல்வந்த் சிங் இறந்ததும் அவருடைய அஸ்தியை ஹரித்வாருக்குக் கொண்டு சென்றவர்களில் நைன்சுக்கும் இருந்தார். அந்தப் பயணத்தையும் வரைந்தார். பண்டாவின் பேரேட்டில் 1763-ஆம் ஆண்டுக்கான பதிவு அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. அதோடு கங்கை இறங்கி வரும் காட்சியைப் பேரேட்டுத் தாளிலேயே சிறிதாக வரைந்திருக்கிறார். ஓர் ஓவியன் தன் புரவலனின் இறுதிக் காரியத்தில் இப்படித் தன் தொழிலையே காணிக்கையாக வைத்ததற்கு நம் கலை வரலாற்றில் வேறு சான்று அரிது. பஹாடி ஓவியத்தில் காதல் எங்கே என்று கேட்டால், ராதையின் முந்தானைக்கு முன்னால் நான் இந்தப் பேரேட்டைத்தான் காட்டுவேன். இருபது ஆண்டு ஒருவரை உற்றுப் பார்த்த அன்பு அது. பிறகு அவர் பசோலி அரசன் அம்ரித் பாலிடம் பணிசெய்து, 1778-இல் மறைந்தார்.

இப்போது காங்க்ராவுக்கு வரலாம். அரசன் சன்சார் சந்தின் ரசனையும் காதல் வாழ்க்கையும்தான் காங்க்ரா பாணியைப் பிறப்பித்தன என்பது நிலைபெற்ற கதையின் மறுபாதி. அவர் பிறந்தது 1765-இல். 1775-இல் அரியணை ஏறியபோது பத்து வயதுச் சிறுவன். இந்த மரபின் தலைசிறந்த தொகுதியாகக் கருதப்படும் கீத கோவிந்தம் 1775-ஐ ஒட்டியது. அந்த மென்கோடு, காற்றோட்டமான வெளி, உடலின் சாய்வு எல்லாம் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஜஸ்ரோட்டாவில் நைன்சுக் கையில் உருவாகிவிட்டன. தொகுதியை வரைந்தவர்கள் அவருடைய, அவர் அண்ணனுடைய பிள்ளைகள். கோஸ்வாமியும் அவருடைய சக ஆய்வாளர் எபர்ஹார்ட் ஃபிஷரும் அவர்களை 'மானக்கு, நைன்சுக் இருவருக்கும் பிந்தைய முதல் தலைமுறை' என்று அழைத்தார்கள். சன்சார் சந்த் தாராளமான புரவலராக இருந்தார் என்பதில் மறுப்பில்லை. 1820-இல் அவரைச் சந்தித்த ஆங்கிலேயப் பயணி மூர்கிராஃப்ட் அவரிடம் ஓவியர்கள் பலர் இருந்ததையும், ஓவியத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டையும் பதிந்திருக்கிறார். ஆனால் பாணியைப் பிறப்பித்தவர் அவர் அல்லர். தயாராக இருந்த ஒரு குடும்பத்தின் கை அவருக்குக் கிடைத்தது.

அந்தக் கை குடும்பத்துக்குள் எப்படிக் கைமாறியது என்பதற்கு மாயம் எதுவும் தேவையில்லை. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய வஸ்லி. முதலில் செங்காவியில் தளர்ந்த கோடு; அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு; அதன் வழியே மங்கலாகத் தெரியும் கோட்டைத் திருத்தி மீண்டும் வரைதல்; பிறகு அணில்மயிர்த் தூரிகையால் வண்ணம். நல்ல உருவங்களை ஊசித்துளை இட்ட படியில் காத்து வைத்து, கரித்தூள் தட்டி இறக்கிக்கொள்ளும் காகா முறையும் உண்டு. காகா இருமுனைக் கத்தி. தாத்தாவின் கண் கண்டதைப் பேரனுக்குக் கொடுக்கிறது. பேரன் தன் கண்ணால் பார்க்காமல் இருக்கவும் வழி செய்கிறது.

முதல் தலைமுறையில் கண் இன்னும் விழித்திருந்தது. ஆயர்கள் கோகுலத்தைவிட்டு பிருந்தாவனத்துக்குக் குடிபெயரும் பாகவதக் காட்சியைப் பாருங்கள். மாட்டு வண்டிகள், வண்டிமேல் கட்டில், பானை, குழந்தைகள். தெய்வத்தின் கதை நடுவே ஒரு மலைக் கிராமம் வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறது. பாஸ்டனில் உள்ள கோதூளி வேளை (மாடு திரும்பும் மாலைப்பொழுது) ஓவியம் இன்னும் பிந்தியது, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தது. மாடுகள் ஊருக்குள் நெருக்கியடித்து நுழைகின்றன, கண்ணன் அவற்றுக்கு நடுவே, சாளரங்களில் பெண்கள். அங்கே காதல் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் மாடுகள். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வீடு திரும்பும் மாடுகளை உண்மையாகப் பார்த்தவன் வரைந்ததால், சாளரத்திலிருந்து விழும் பார்வையும் உண்மையாகிறது.

பின்னர் வந்தவற்றில் இந்த எடை இல்லை. முகம் ஒரே பக்கவாட்டு முகம், நெற்றியும் மூக்கும் ஒரே நேர்கோடு. மரம் தோறும் அதே கொடி. எந்தப் பெண்ணும் எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். காதலனைத் தேடி இரவில் செல்லும் அபிசாரிகை மின்னலில் நடக்கிறாள், பாம்புகள் நெளிகின்றன, அவள் பயப்படுவதும் இல்லை, நனைவதும் இல்லை. இந்த இனிமைதான் பிறகு காங்க்ரா என்ற பெயரில் உலகெங்கும் அச்சாகியது. இதைக் காட்டித்தான் இயற்கையும் காதலும் என்கிறார்கள். எனக்கு இதில் இயற்கையும் குறைவு, காதலும் குறைவு.

வீழ்ச்சிக்கு அரசியல் காரணமும் உண்டு. 1805-06-இல் கூர்க்காப் படையெடுப்பு, நான்காண்டு முற்றுகை, 1809-இல் காங்க்ரா கோட்டை ரஞ்சித் சிங் கைக்குப் போனது, 1823-இல் சன்சார் சந்தின் மரணம். ஓவியர்கள் சிதறினார்கள். 1905 ஏப்ரல் 4 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டனர். எத்தனை வீடுகளோடு எத்தனை ஓவியங்களும் போயின என்பதற்குக் கணக்கே இல்லை. எனினும் கண் அதற்கு முன்பே மூடிவிட்டது என்றே நினைக்கிறேன்.

சம்பாவின் பெண்கள் மட்டும் ஒரு பக்கவழியில் மரபைக் காத்தார்கள். திருமணச் சீர்களை மூடக் கொடுக்கும் சம்பா ருமாலில், ஓவியர் போட்ட கோட்டின்மேல் இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும் தையலை அவர்கள் இட்டார்கள். கோடு அரண்மனை ஓவியருடையதாக இருக்கலாம். பச்சைக் குதிரையும் ஊதாப் பசுவும் அவர்கள் துணிச்சல்.

இருபதாம் நூற்றாண்டில் மலையை நாடி வந்தவர்கள் பலர். 1928-இல் குலு பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறிய நிகோலாய் ரோரிக், பஹாடி மரபு தவிர்த்த அந்தப் பனிச்சிகரங்களை வரைந்து வரைந்து குவித்தார். நீலம், ஊதா, மோனம். அங்கே குளிருகிற மனிதர் யாரும் இல்லை. ஆந்த்ரெட்டாவில் வாழ்ந்த சோபா சிங் கத்தி இனப் பெண்ணை வரைந்தார். சோஹ்னி மஹிவால் ஓவியத்தால் வீடுதோறும் நுழைந்தார். திறமையில் குறையில்லை. ஆனால் அவர் வரைந்த மலைப்பெண்ணின் கையில் வேலை செய்த தடம் இல்லை. அம்ரிதா ஷேர்கில் சிம்லாவில் 1935-இல் வரைந்த 'மலை ஆண்கள்', 'மலைப் பெண்கள்' ஓவியங்கள் இரண்டும் துயரத்தின் எடையோடு நிற்பவை. பசோலியின் வண்ணத்தை நேசித்து, இறக்கும்வரை அதனோடு போராடியவர் அவர். 1941-இல் இருபத்தெட்டு வயதில் அவர் மறைந்தது பஹாடி மரபுக்கும் இழப்புதான். நைன்சுக்கின் கண்ணும் பசோலியின் வண்ணமும் சந்திக்கக்கூடிய இடத்துக்கு அவர் வந்துகொண்டிருந்தார்.

இன்று ஹிமாச்சலத்தில் மரபைக் கற்றுத்தரும் முயற்சிகள் நடக்கின்றன. சம்பாவின் விஜய் சர்மா போன்ற தேர்ந்த கைகள் தாள், கல், தூரிகை எல்லாவற்றையும் மீட்டிருக்கிறார்கள். 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கற்றவர்கள் வரைவது என்ன? சந்தைக்குத் தேவை ராதையும் கண்ணனும். அந்த இனிய பக்கவாட்டு முகம் மறுபடி மறுபடி இறக்கப்படுகிறது. காகா கண்ணை வென்றுவிட்டது.

வேறு திசை இருக்கிறது, இருவர் அதில் நடந்தும் காட்டியிருக்கிறார்கள். அமித் தத்தாவின் 'நைன்சுக்' (2010) திரைப்படம் ஜஸ்ரோட்டாவின் இடிபாடுகளுக்குள் அந்த ஓவியங்களை மனிதர்களைக் கொண்டு மீண்டும் அமைத்தது. கதை சொல்லும் அவசரம் இல்லாமல், ஒரு மனிதன் உட்காரும் விதத்தை நம்மைப் பார்க்கவைத்தது. நீலிமா ஷேக் 1984-இல் வரைந்த 'சம்பா வளர்ந்தபோது' இன்னும் முக்கியமானது. சிற்றோவிய மரபின் டெம்பரா முறையில், பன்னிரண்டு சிறிய ஓவியங்களில், சம்பா என்ற ஒரு பெண் வளர்ந்து, மணமாகி, வரதட்சணைக்காகக் கொல்லப்படும் கதை. மரமும் முற்றமும் ஊஞ்சலும் பழைய மரபின் மென்மையோடு வருகின்றன. அந்த மென்மைக்குள்தான் அடுப்பும் வருகிறது. பின்னர் காஷ்மீரைப் பற்றி அவர் வரைந்த நெடிய தொங்குதிரைகளில் பழைய துளைப்படி முறையையே மீண்டும் பயன்படுத்தினார். அங்கே அது காண்பதற்குத் தடையாக இல்லை, நினைவைச் சுமக்கும் கருவியாக இருக்கிறது.

பஹாடி ஓவியம் உயிரோடு இருக்கவேண்டும் என்று விரும்புகிற அரசுத் துறையும் கைவினை அமைப்பும் மாணவருக்கு முதலில் கொடுக்கவேண்டியது ராதையின் படியை அல்ல. நைன்சுக் வரைந்த, தாடி திருத்தும் நாவிதரையும் கொம்பூதிகளையும் கொடுங்கள். பிறகு தாளும் தூரிகையும் கொடுத்துப் பாலம்பூரின் தேநீர்க் கடைக்கும், குலுவின் ஆப்பிள் பெட்டி அடுக்கும் கொட்டகைக்கும், பனி மூடிய பேருந்து நிலையத்துக்கும் அனுப்புங்கள். ஒரே ஆளை ஓராண்டு வரையச் சொல்லுங்கள். அதில் தேறியவர் கீத கோவிந்தத்தைத் தொடட்டும்.